சண்டை மெஷினுக்குச் சந்தனம்

என்னிடம் இரண்டரை சண்டை மெஷின்கள் இருக்கின்றன. அரை எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு மரப்பெட்டி மட்டும் உண்டு. உள்ளே டிவி இல்லை, போர்டு இல்லை. டிவி இருந்த ஓட்டையில் எங்கள் வீட்டுக் கோழி இரண்டு வருடமாக முட்டை இடுகிறது. குடியேறிவிட்ட கோழியைக் காலி செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றில் தினமும் பலன் தருவது அது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சண்டை மெஷின் என்றால் பயந்துவிட வேண்டாம். தொண்ணூறுகளில் எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் வீடியோ கேம் கடை என்று ஒன்று இருந்ததே, ஒரு ரூபாய் போட்டால் திரையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொள்வார்களே, அந்த மெஷின். ஜப்பானில் செய்த சர்க்யூட் போர்டைச் சேலத்து ஆசாரி செய்த பிளைவுட் பெட்டிக்குள் வைத்து, மேலே பளிங்கு மாதிரி சன்மைக்கா ஒட்டி, பட்டன் உடைந்தால் வீட்டு காலிங் பெல் சுவிட்சைப் பொருத்தி ஓட்டுவார்கள். உலகம் முழுக்க இவற்றைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். போனில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. மற்றவர்கள் ஏசி அறையில் மெஷின்களை வரிசையாக நிறுத்தி, நீல விளக்குப் போட்டுப் படம் அனுப்புகிறார்கள். நான் பாலக்கோட்டில், தக்காளி ஷெட்டில் வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட் அவர் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேடுகளுக்கானது. விலை நன்றாக இருக்கும்போது கிரேடுகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் லாரி ஏறிப் போய்விடும். என் மெஷின்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். விலை விழுந்தால் காலிக் கிரேடுகள் கூரை முட்ட அடுக்கப்பட்டு மெஷின்களைச் சுவரோடு நெருக்கும். தக்காளி விலையை என்னைப் போலப் படபடப்போடு கவனிக்கும் தாவரவியல் ஆசிரியை இந்த மாவட்டத்தில் இன்னொருத்தி இருக்க மாட்டாள்.

இரண்டு முழு மெஷின்களில் ஒன்று ஒகேனக்கல்லிலிருந்து வந்தது. அங்கே மீன் வறுக்கும் ஒரு அக்கா அதை மசாலா டப்பா அடுக்கும் அலமாரியாக வைத்திருந்தார். போர்டு உள்ளே நல்ல நிலையில் இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரல் கனம். சோடா உப்பு போட்டுத் துடைத்தேன், வெயிலில் வைத்தேன், ஒரு மாதம் பார்த்தேன். இன்றும் அரை மணி நேரம் ஓடிப் பெட்டி சூடானால் ஷெட் முழுக்க வறுத்த மீன் வாசனை வரும். சண்டை உச்சத்துக்குப் போகும்போது எனக்குப் பசிக்கும்.

இன்னொன்றுதான் விஷயம்.

எதற்காக இதைச் சேர்க்கிறீர்கள் என்று பள்ளியில் கேட்டால் என்னிடம் நல்ல நல்ல பதில்கள் உண்டு. ஒரு காலத்தின் தொழில்நுட்பம் அழிந்துவிடக் கூடாது, நாளைய பிள்ளைகள் பார்க்க வேண்டும், இன்னும் இப்படி. ஆசிரியர் அறையில் சொல்லியிருக்கிறேன், நம்பவும் செய்தார்கள். உண்மை அவ்வளவு பெரியதில்லை. என் அண்ணனை அந்த மெஷினில் ஒரே ஒரு தடவை தோற்கடிக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் ஆறாவதோ ஏழாவதோ படித்த காலத்தில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சலூனுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஒரு வீடியோ கேம் கடை வந்தது. வாசலில் கனமான பச்சைத் துணி தொங்கும். பள்ளிக்கூடம் விட்டால் அண்ணன் அந்தத் துணிக்குப் பின்னால் மறைந்துவிடுவார். சோறு ஆறுகிறது, கூட்டி வா என்று அம்மா என்னை அனுப்புவாள். பெண்பிள்ளைகள் உள்ளே போவதில்லை. போகக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் கடைசிப் படியில் நிற்பேன். துணிக்கும் தரைக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி. அதில் கால்கள் தெரியும். எல்லாக் காலிலும் செருப்பு இருக்கும். மெஷினில் லேசாகக் கரண்ட் கசியும் என்பதால் வெறுங்காலோடு ஆடினால் சுர்ரென்று இழுக்கும். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போக வேண்டிய கோயில் ஊரில் அது ஒன்றுதான்.

உள்ளேயிருந்து உதை விழும் சத்தம், யாரோ ஜப்பான் மொழியில் கத்தும் சத்தம், பிள்ளைகள் கூச்சல். நான் நின்றுகொண்டே இருப்பேன். அப்புறம் அண்ணன் வருவார், சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு.

"இன்னிக்கி ஏழு பேரு பாப்பா. வரிசையா. கடக்காரரே எந்திரிச்சு வந்து பாத்தாரு."

"உனக்கு ஏதுண்ணா அவ்ளோ காசு?"

"ஜெயிக்கறவன் எதுக்குக் காசு போடணும்? தோக்கறவன்தான் போடணும். ஒரு ரூவா போட்டேன்னா பொழுது எறங்கற வரைக்கும் அதே ரூவாதான்."

வீடு வரும் வரை ஒவ்வொரு சண்டையையும் சொல்வார். குண்டன் எப்படி விழுந்தான், நீலத் துண்டுக்காரன் எப்படி நெருப்பு விட்டான், தடி வைத்திருக்கிற பெண் எப்படிப் பறந்து போய் முதுகுப் பக்கம் இறங்கி அடித்தாள். நான் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், ஒரு திரையைக்கூட நேராகப் பார்க்காமல், அந்த விளையாட்டை முழுதாகத் தெரிந்துவைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"நானும் ஒரே ஒரு ஆட்டம் ஆடறேண்ணா."

"பொட்டப்புள்ளைங்க ஆடற ஆட்டமா இது? கையி ஒடிஞ்சிரும்."

அந்த 'ஒடிஞ்சிரும்' முப்பது வருடத்துக்கு மேல் என் மணிக்கட்டில் இருந்தது. கல்லூரிக்குப் போனேன், வேலைக்கு வந்தேன், கல்யாணம் ஆயிற்று, கரும்பலகையில் இலையின் குறுக்குவெட்டை ஆயிரம் தடவை வரைந்தேன். கை எங்கேயும் ஒடியவில்லை. ஆனால் அந்தச் சொல் ஒடியாமல் இருந்தது.

மூன்று வருடம் முன்பு, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சாமான் வாங்கப் போன இடத்தில் அதே மெஷினைப் பார்த்தேன். வீடியோ கேம் கடைக்காரர் இப்போது சிமென்ட் விற்கிறார். குடோன் மூலையில் அது கவிழ்த்துப் போடப்பட்டு, மேலே பெயின்ட் டப்பாக்கள். சன்மைக்காவில் யாரோ பிளேடால் கீறிய இதயம்கூட அப்படியே இருந்தது. கேட்டதும், எடத்த அடச்சிக்கிட்டு இருக்குதும்மா, எடுத்துட்டுப் போனா புண்ணியம் என்றார். தக்காளி ஏற்றும் டிராக்டரிலேயே கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

"பீரோவா?"

"இல்லைங்க."

"பின்ன?"

சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "துணி வெக்க முடியுமா இதுல?" என்றார்.

தருமபுரியில் ஒரு டிவி மெக்கானிக் இருக்கிறார். பின்னால் பிட்டம் துருத்திய பழைய டிவிகளைக் கண்டால் முகம் சுளிக்காத மனிதர், ஊரில் அவர் ஒருவர்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். போர்டை வெளியே எடுத்துத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர், இது ஒரிஜினல் போர்டுங்க. எல்லா ஊர்லயும் டூப்ளிகேட்டுதான் ஓட்டுனாங்க. நம்மூருக்கு இது எப்பிடி வந்துச்சுன்னே தெரில." பிறகு சுண்டுவிரல் நுனியால் ஒரு சின்ன பேட்டரியைக் காட்டினார். "இதுதாங்க இதோட உசுரு. கேம யாரும் திருடக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருக்கான். சாவி இந்த சிப்புக்குள்ள இருக்குது. பேட்டரி இருக்கற வரைக்கும் சிப்பு அத ஞாபகம் வெச்சிருக்கும். பேட்டரி செத்துச்சுன்னா மறந்துரும். அப்பறம் திரைல ஒரே பச்சை, அவ்ளோதான்."

"புதுசு மாத்தலாமில்ல?"

"மாத்தலாம். மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்தணும். ஓடற பஸ்ஸுல டயர் மாத்தற மாதிரி."

அவர் மாற்றினார். நெற்றி வியர்வை போர்டில் சொட்டிவிடாமல் நான் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். பழைய பேட்டரி இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு வைத்து, அதற்குள் புதியதைப் பொருத்தினார். அடுத்த தடவை நீங்களே மாத்திக்கலாம் டீச்சர், கழட்டி மாட்டறதுதான், கொழந்தகூடப் பண்ணும் என்றார். எவ்வளவு வசதி என்று நானும் மகிழ்ந்தேன்.

அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம். விரலில் சாக்பீஸ் தூள் போகாமலே ஆடுவேன். இடது கை குச்சியில், வலது கை பட்டன்களில். குச்சியை அரைவட்டமாகச் சுழற்றி, சரியான நொடியில் அழுத்தினால் நீலத் துண்டுக்காரன் நெருப்பு விடுவான். நொடி தவறினால் அசட்டுத்தனமாகக் காற்றில் குத்துவான். நாற்பதைத் தாண்டியவள் கம்ப்யூட்டரிடம் ஒரு வருடம் உதை வாங்கினேன். அடுத்த வருடம் திருப்பிக் கொடுத்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது: தடி வைத்திருக்கும் பெண் பறக்கவே இல்லை. என்ன செய்தாலும் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பமாட்டாள். அண்ணனுக்கு ஞாபகப் பிசகு என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தாய் வீட்டுச் சீர் கொண்டுவருவார். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. மெஷின் ஓடத் தொடங்கியதும் போனில் சொன்னேன், வந்து ஆடு என்றேன். முதல் தீபாவளிக்கு ஷிஃப்ட் இருந்தது; சீர் பஸ்ஸில் வந்தது. பொங்கலுக்கு வந்தார், மணிக்கட்டில் சுளுக்கு. அடுத்த தீபாவளிக்கு வாசலில் வைத்தே காபி குடித்துவிட்டு, பஸ் போய்விடும் என்று ஓடினார். ஆனால் போன் செய்யும்போதெல்லாம் தவறாமல் கேட்பார்.

"மெஷின் ஓடுதா பாப்பா?"

"ஓடுதுண்ணா."

"ம். நல்லா ஓடுதா?"

அவ்வளவு ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வருடம் தீபாவளிக்கு ஒரு முழு நாள் இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். நான் காலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டேன். வீட்டுக்காரர் அதை கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டிய நாள் என்று நினைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொருள்களை அவர் கையாளும் விதம் எனக்குப் பிடிக்கும். டிவி ரிமோட் இன்னும் வாங்கிய நாளில் வந்த பாலிதீன் கவருக்குள்தான் இருக்கிறது. டார்ச்சை உபயோகித்துவிட்டு பேட்டரியைக் கழற்றித் தனியாக வைப்பார். கடிகாரம் நின்றால் முதலில் பேட்டரியை வெளியே எடுத்து வெயிலில் வைப்பார். ஆயுத பூஜை வந்தால் மண்டியின் எடை மெஷின்கள் அனைத்தையும் கழுவித் துடைத்து, பேட்டரிகளைக் கழற்றித் தட்டில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் திரும்ப மாட்டுவார். கருவிக்கு அன்றைக்கு ஓய்வு. பேட்டரி உள்ளே இருந்தால் அது ஓய்வு ஆகாது, கண்ணை மூடிப் படுத்திருக்கிற மாதிரிதான் என்பது அவர் கட்சி.

என் மெஷின்களை அவர் ஒரு வருடமும் பூஜையில் சேர்த்ததில்லை. பீரோவுக்கு எதற்குப் பொட்டு என்பார். இந்த வருடம் நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். வெளியே பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. சுண்டலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனால், எடை மெஷின்களுக்கும் டிராக்டருக்கும் அடுத்தபடியாக என் இரண்டு மெஷின்களும் துடைத்துப் பளபளவென்று நிற்கின்றன. கண்ணாடியில் மூன்று விரல் சந்தனம், நடுவே குங்குமம். குச்சிகளுக்கு முழம் முழமாகச் சாமந்தி. கோழியின் பெட்டிக்குக்கூட ஒரு பொட்டு.

"அதுவும் வேல செய்யற சாமான்தான," என்றார் என்னைப் பார்க்காமல்.

இருபத்து மூன்று வருடத்தில் அவர் எனக்குப் புடவை வாங்கியிருக்கிறார், ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார். ஆனால் என் பைத்தியத்துக்குப் பூ வைத்தது அன்றைக்குத்தான். பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு மெஷின்களைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் போகவில்லை.

மறுநாள் விஜயதசமி. எதையும் அன்று தொடங்கினால் தழைக்கும் என்பார்கள். மாலையில் பூவை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். பச்சை. எழுத்து இல்லை, ஆள் இல்லை, சத்தம் இல்லை, விளிம்பு முதல் விளிம்பு வரை ஒரே பச்சை. அணைத்துப் போட்டேன். அதே பச்சை. அவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, பின்னாடி எதாச்சும் தொட்டீங்களா?"

"தொடச்சேன். எவ்ளோ தூசி. நீ பின்பக்கம் தொடக்கறதே இல்ல போல."

"வேற?"

"பொட்டு வெச்சேன்."

"வேற ஒண்ணும் பண்ணலயா?"

"பேட்டரிய எடுத்து வெச்சேன். அதுக்கும் ஒரு நாளு ஓய்வு வேணுமில்ல. பயப்படாத, பத்திரமா இருக்குது."

போய் எடுத்துவந்தார். பீரோவில் என் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில், மஞ்சள் தடவிய துணியில் முடிந்து, பாலிதீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தார். இந்த உலகத்தில் ஒரு பேட்டரி இதற்குமேல் பத்திரமாக இருந்திருக்க முடியாது.

"அத எடுக்கவே கூடாதுங்க. எடுத்தா செத்துரும்."

"பழைய பேட்டரி ஒழுவுனா போர்டயே தின்னுரும்னு நீதான சொன்ன? நான் சொல்றத காதுல வாங்கறதே இல்லங்கற. வாங்குனா இப்பிடிங்கற."

சொன்னேன்தான். போன கோடையில், குழுவில் யாரோ அனுப்பிய படத்தைக் காட்டி, அரை மணி நேரம் வகுப்பே எடுத்தேன். அவர் தக்காளி விலை பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை என்று நினைத்தேன். என் பேச்சை அவர் முழுதாகக் கேட்டு, நினைவில் வைத்து, அதன்படி நடந்த ஒரே சந்தர்ப்பம் இது.

அவர் பேட்டரியைத் திரும்ப மாட்டினார். பச்சை. கழற்றி உள்ளங்கையில் தேய்த்து மாட்டினார். பச்சை. "திருப்பிப் போட்டுப் பாக்கலாமா?" என்றார் மெதுவாக. நான் வேண்டாம் என்றேன். இரவு சாப்பாட்டில் ரசத்தோடு எழுந்துவிட்டார். மனிதர் மோருக்கு முன்னால் எழுந்து நான் பார்த்ததே கிடையாது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"சந்தனம் போர்டு மேல வெச்சாருங்களா?"

"இல்ல, பெட்டி மேலதான்."

"அப்ப போர்டுக்கு ஒண்ணும் ஆவல டீச்சர். மறந்துருச்சு, அவ்ளோதான். பெங்களூர்ல ஒருத்தரு இருக்காரு. அந்தச் சாவிய இப்ப வெளிநாட்டுக்காரங்க கண்டுபுடிச்சிட்டாங்களாம். ஒரு மெஷின் வெச்சு திருப்பி எழுதிக் குடுப்பாரு. ஆனா அவருகிட்ட வரிசை நிக்குது. அனுப்புனா ஒரு மாசம் ஆவும்."

தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. இரண்டு வருடம் தள்ளிப் போட்டவரை மறுபடி ஓட விடக் கூடாது. பேட்டரியே இல்லாத மீன் மெஷினிலாவது உட்கார வைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

தீபாவளியன்று அண்ணன் வேட்டி, புடவை, ஒரு டப்பா மைசூர்பாகு, இறுகிய முகம் சகிதமாக வந்தார். அண்ணிக்கு ஊரில் வேலையாம், வரவில்லை. இட்லியை ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். சரி வா என்று ஷெட்டுக்குக் கூட்டிப் போனேன். வீட்டுக்காரரும் பின்னால் வந்தார், குற்றவாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

"இதாண்ணா. ஆனா ஓடாது. பூஜைக்கு இவரு பேட்டரிய எடுத்துட்டாரு, செத்துப்போச்சு."

அண்ணன் முகத்தில் ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு தோள் இறங்கியது. நெற்றி தளர்ந்தது. இரண்டு வருடமாக மூடியிருந்த கடை திறந்த மாதிரி வாய் திறந்தது.

"அடடா. என்ன மாப்ள இப்பிடிப் பண்ணிட்டீங்க? இது ஓடியிருந்தா காமிச்சிருப்பேன், நான் யாருன்னு. அப்பல்லாம் இதுல என்னை அடிக்க தருமபுரில இருந்தே ஆளு வருவான்."

"தப்புதாங்க மச்சான்."

"பரவால்ல, பரவால்ல. தெரியாமப் பண்றதுதான. பாப்பா, வட இருந்தா எடுத்துட்டு வா."

வடை வந்தது. நான்கு சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு செத்த மெஷின் முன்னால் போய் நின்றார். "இப்பிடி நிப்பேன். இப்பிடி ஒரு சுத்து, இப்பிடி ஒரு அடி," என்று நடித்துக் காட்டினார். வலது கையால் குச்சியைப் பிடித்திருந்தார். குச்சி இடப்பக்கம் இருக்கிறது. அதனால் வலது கை உடம்பின் குறுக்கே போயிருந்தது. இடது கை அதற்கு மேலாகத் தாண்டிப் பட்டனைத் தேடியது. கதவில் மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். இந்த மெஷினில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியவனுக்குக்கூட அப்படி நிற்கத் தோன்றாது.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கைகளை எடுத்துவிட்டார்.

"அதான் இன்னொண்ணு நல்லா இருக்குதே, அதுல ஆடுங்க," என்றார் வீட்டுக்காரர், தன் பாவத்துக்குப் பரிகாரம் கிடைத்த உற்சாகத்தில்.

தப்ப வழியில்லை. மீன் மெஷினைப் போட்டேன். முதல் சுற்று ஒன்பது நொடி. இரண்டாவது அதற்கும் குறைவு. அவருடைய ஆள் ஒரு தடவை குதித்தான், அவ்வளவுதான். நான் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. அது எனக்குப் பெருமையும் இல்லை. அண்ணன் கையை உதறிக்கொண்டு, "இது நம்ம கேம் இல்ல மாப்ள. நம்ம கேம் அது," என்று பச்சைத் திரையைக் காட்டினார்.

"அதான பாத்தேன்," என்றார் வீட்டுக்காரர். அண்ணன் கை கழுவப் போனதும் என்னிடம் குனிந்து, "உட்டுக் குடுத்தாரு, கவனிச்சியா? ஆசப்பட்டாளேன்னு. பெரிய மனசு."

முப்பது வருடக் கணக்கு பதினேழு நொடியில் முடிந்தது. சாட்சியாக இருந்த ஒரே ஆளும் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஓசூர் பஸ் வந்தது, கூட்டம். அண்ணன் ஏறவில்லை. அடுத்ததில் போகலாம் என்று நின்றார். பட்டாசுக் காகிதம் காற்றில் காலடிக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் குச்சிய எந்தக் கையில புடிக்கணும் பாப்பா?"

"எடது கை."

"ம்."

காகிதத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு அவராகச் சொன்னார். "உள்ள போவேன், நிப்பேன். அவ்ளோதான். காசு ஏது? அப்பா குடுக்கறது பேனாவுக்கு மை வாங்கவே பத்தாது."

"தினமுமா?"

"தினமும்."

"அப்ப அந்த ஏழு பேரு?"

"ஏழு பேர ஒருத்தன் அடிச்சான். அது நெசம். நான் பாத்தேன்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, வயிற்றிலிருந்து, சுத்தமாக.

"அப்பறம் எதுக்குண்ணா எங்கிட்ட கையி ஒடிஞ்சிரும்னு சொன்னே?"

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நீ உள்ள வந்திருந்தா பாத்திருப்ப இல்ல. நான் ஆடலன்னு."

அடுத்த பஸ் வந்து நின்றது. நான் சொல்வதற்கு இருந்ததெல்லாம் ஒரு ராஜாவை வீழ்த்திய பிறகு சொல்ல வைத்திருந்தவை. கூட்டத்துக்குப் பின்னால் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் அவற்றைச் சொல்ல முடியவில்லை. அவர் படியில் கால் வைத்துத் திரும்பினார்.

"பொங்கலுக்குள்ள அது சரியாவுமா?"

"ஆயிரும்."

"அப்ப நான் கத்துக்கிட்டு வரேன். ஒண்ணுமே தெரியாம தோத்தா உனக்கும் நல்லா இருக்காது."

நல்ல வார்த்தை என்று அன்றைக்குத் தோன்றியது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. ஓசூரில் எங்கேயோ லேப்டாப்பில் மாட்டுகிற குச்சிப் பலகை ஒன்றை வாங்கிவிட்டார். அந்த ஆட்டத்தை அதில் இறக்கி, ஷிஃப்ட் முடிந்ததும் தினமும் இரண்டு மணி நேரம் உட்காருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன். அரைவட்டத்தை மேலிருந்தா கீழிருந்தா தொடங்குவது, குண்டன் பிடித்துவிட்டால் எப்படி உதறுவது. நானும் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். ஆசிரியைக்குக் கேள்வி கேட்பவர்களைக் கண்டால் பலவீனம்.

இரண்டு ஞாயிறுக்கு முன்னால் ஒரு வீடியோ அனுப்பினார். அவருடைய இடது கை மட்டும் தெரிகிறது, பின்னால் திரை. அரைவட்டம், நெருப்பு. அரைவட்டம், நெருப்பு. மூன்றாவது தடவையும் தவறவில்லை. இரண்டு வருடப் பயிற்சியில் எனக்கு நான்கில் ஒன்றுதான் விழும். ஐம்பது வயதில் அந்த மணிக்கட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மச்சான் கைய பாரேன். தொட்டு உட்ட பழக்கம் எங்க போவும்?"

போர்டை வீட்டுக்காரர்தான் பெங்களூருக்கு பார்சல் கட்டினார். தெர்மகோல், அதற்கு மேல் பாலிதீன், அதற்கு மேல் அட்டைப்பெட்டி, நான்கு பக்கமும் டேப். தக்காளி லாரி அதன் மேல் ஏறினாலும் ஒன்றும் ஆகாது. கூரியர் ஆபீஸ் என் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்து எடுத்துப் போகிறேன். சாயங்காலம் திரும்ப எடுத்து வருகிறேன். பத்து நாளாகிறது. மெஷின்களைக் காப்பாற்றுகிறவர்கள் குழுவில், ஒரு போர்டு உயிர் பெறுவதை இவ்வளவு கவனமாகத் தடுத்துக்கொண்டிருப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"இன்னிக்காச்சும் குடுத்தியா?" என்று நேற்றும் கேட்டார்.

"கூட்டமா இருந்துச்சுங்க."

இன்று காலையிலிருந்து மழை. போர்டில் ஈரம் படக் கூடாது.